மாடல் லோரிக்குப் பலகை பாடி: கோப்பிக் குச்சி, தே-ஓ, ஒரு போத்தல் சூக்கா

தம்பி கேட்டது இதுதான். 1/24 அளவில், அதாவது அசலில் 24 இல் ஒரு பங்கு, ஒரு லோரி கிட் வாங்கி, அதற்கு நம் ஊர் லோரி மாதிரி பலகை பாடி கட்டப் பார்த்திருக்கிறார். மாடல் கடையில் விற்கும் மெல்லிய மரத்தகடு விலை கட்டுப்படியாகவில்லை என்று ஐஸ்கிரீம் குச்சிகளை வெட்டி ஒட்டி, மேலே வார்னிஷும் அடித்துவிட்டார். மரம் என்னவோ உண்மையான மரம்தான், ஆனால் பார்த்தால் பள்ளிக்கூடக் கைவேலை மாதிரி இருக்கிறது, ஏன் இப்படி, அதிகம் செலவில்லாமல் எப்படிச் சரிசெய்வது என்கிறார்.

தம்பி, உங்கள் கைவேலையில் குறையில்லை, அளவில்தான் குறை. ஐஸ்கிரீம் குச்சி ஏறக்குறைய 10 மி.மீ அகலம், 2 மி.மீ கனம். அதை 24 ஆல் பெருக்கிப் பாருங்கள், 240 மி.மீ அகலம், 48 மி.மீ கனம் வரும். அதாவது ஒன்பதரை அங்குல அகலமும் கிட்டத்தட்ட 2 அங்குலக் கனமும் உள்ள பலகை. அப்படிப்பட்ட பலகையை எந்த லோரியின் தரையிலும் நான் பார்த்ததில்லை. பார்க்கிறவருக்குக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் தினமும் ரோட்டில் லோரி பார்த்துப் பழகிய கண் அது, ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறது என்று உடனே சொல்லிவிடும்.

என் அப்பா பட்டர்வொர்த்தில் லோரி பாடி கட்டும் பட்டறையில் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்துவிட்டு சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவர்கள் தரைக்குப் போட்டது பெரும்பாலும் 6 அங்குல அகலப் பலகை, கனம் ஓர் அங்குலம் அல்லது ஒன்றேகால். 1/24 இல் அது 6.35 மி.மீ அகலம், 1.1 முதல் 1.3 மி.மீ கனம். இப்போது கோப்பிக் கடையில் பேப்பர் கப்போடு கொடுக்கும் மெல்லிய மரக்குச்சி ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். அகலம் 5 முதல் 6 மி.மீ, கனம் ஒரு மி.மீக்குச் சற்று மேலே இருக்கும். அளவெடுத்து அறுத்த மாதிரி பொருந்தும். ஐஸ்கிரீம் குச்சி வீண் என்று சொல்லவில்லை, அது ரிமோட்டில் ஓடும் 1/14 தமியா கம்பெனி மாடல் லோரிக்குத்தான் சரி. 14 ஆல் பெருக்கினால் 140 மி.மீ அகலம், 28 மி.மீ கனம், அசல் லோரிப் பலகைதான். இந்தக் கணக்கை மட்டும் முதலில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நிறத்தில் இருக்கிறது. மரம் போலத் தெரிய வேண்டும் என்றதும் எல்லோரும் மரத்தின் ரேகைக்குத்தான் ஓடுகிறார்கள். பிளேடை வைத்துக் கோடு கோடாகக் கீறி, அதில் கறுப்பு ஏற்றி, ஒவ்வொரு பலகையையும் வரிக்குதிரை ஆக்கிவிடுகிறார்கள். 0.1 மி.மீ ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டால் உண்மை லோரியில் அது 2.4 மி.மீ ஆழம் என்று நினைத்துப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று ஒரு லோரியைப் பாருங்கள், ரேகையா கண்ணில் படுகிறது? பலகைக்குப் பலகை நிறம் மாறுவதும், நடுவில் உள்ள இடுக்குகளும், தேய்ந்த முனைகளும், போல்ட்டைச் சுற்றிய கறையும்தான் படும். நான் சொல்ல வருவது இதுதான்: ரேகையை விடுங்கள், பலகைக்குப் பலகை வித்தியாசம் காட்டுங்கள்.

அப்பா பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்த ஒரு பழைய லோரியின் தரை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அரிசி மூட்டை ஏற்றுகிற லோரி. பின்கதவுப் பக்கம் மூட்டையை இழுத்து இழுத்து நடுவில் நாலைந்து பலகை வழவழவென்று தேய்ந்து, வெளுத்து, கிட்டத்தட்ட தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்துப் பலகைகளில் மூட்டை உரசாது, மழைத் தண்ணீர்தான் தேங்கும், அதனால் அவை சாம்பல் நிறம். கேபினை ஒட்டிய மூலையில் யாரோ எண்ணெய்த் தகரம் வைத்த இடத்தில் கறுப்பு வட்டம். இடுக்குகளில் அரிசியும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகி, ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடே தெரியாமல் போயிருந்தது. அப்பா அதில் உளுத்துப் போன ஒரே ஒரு பலகையை நெம்பி எடுத்துவிட்டு புதுக் கெருயிங் பலகை ஒன்றைப் போட்டார். அத்தனை சாம்பலுக்கும் நடுவில் அது மட்டும் செங்கல் நிறத்தில் நின்றது. நான் இன்றைக்கும் எந்த மாடல் செய்தாலும் தரையில் ஒரு பலகையை அப்படிப் புதிதாக விடுவேன். அந்த ஒரு பலகை மற்ற எல்லாப் பலகைக்கும் வயதைக் கொடுத்துவிடும்.

கெருயிங் நம் காட்டு மரம். இதன் இனத்தைத்தான் அமெரிக்காவில் அப்பித்தோங் என்ற பெயரில் டிரெய்லர் தரைக்குப் போடுகிறார்கள், கண்டெய்னர் தரைப் பிளைவுட்டுக்கும் நெடுங்காலம் இது போயிருக்கிறது. புதிதாக இருக்கும்போது சிவந்த பழுப்பு. செங்கால் மரம் என்றால் முதலில் மஞ்சள் கலந்த பழுப்பு, போகப் போகக் கருத்துவிடும். ஆனால் எந்த மரமாக இருந்தாலும் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்தால் சாம்பலுக்குத்தான் வந்து சேரும். மரத்துக்குப் பழுப்பு கொடுப்பதில் லிக்னின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு, வெயிலின் புறஊதாக் கதிர் அதை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே மிஞ்சுவது வெளுத்த நார். அதனால்தான் வெயில் படாத உள்பக்கம் பழுப்பாகவே இருக்கும், கார்கோவுக்கு மேலே கூரை போட்ட லோரியின் தரை அவ்வளவு சாம்பல் ஆகாது. உங்கள் லோரி திறந்ததா மூடியதா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற நிறத்துக்குப் போங்கள். சாம்பல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பினாங்கு வரும்போது பெங்காலான் வெல்டில் சியூ ஜெட்டி பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். கடல்மேல் போட்ட பலகை நடைபாதை அது, ஒரே வெயில், ஒரே உப்புக் காற்று, ஆனாலும் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளே ஒரே சாம்பலாக இருக்காது. போனில் நேர் மேலிருந்து நாலு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பிக் குச்சி பேக்கரி சாமான் விற்கும் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், ஒரு கட்டு வாங்கினால் நாலைந்து லோரிக்கு வரும். ரெண்டு முனையும் வளைந்திருக்கும், அவற்றை வெட்டிவிட்டு நேரான நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். வாங்கியதும் மேசையில் கொட்டிப் பிரிக்க வேண்டும், முறுக்கினது, முடிச்சு உள்ளது, பள்ளம் விழுந்தது எல்லாம் தனி. முடிச்சு 2 மி.மீ இருந்தாலே லோரியில் அது 5 செ.மீ முடிச்சு, ஒன்றிரண்டு இருந்தால் அழகு, நிறைய இருந்தால் கண் உறுத்தும். தரைக்கு அடியில் போகிற குறுக்குச் சட்டத்துக்குச் சாப்ஸ்டிக், மூலைக் கம்புக்கு சாத்தே குச்சி. பால்சா மரம் மட்டும் வேண்டாம், மலிவாகக் கிடைத்தாலும் அதன் துளைகள் பெரியவை, சாயம் பட்டதும் மயிர் மயிராக எழும்பும்.

சரி, நிறம் ஏற்றுவதற்கு வருவோம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஒட்டுவதற்கு முன்னால் சாயம் ஏற்ற வேண்டும். ஒட்டின பிறகு ஏற்றினால் பசை கசிந்த இடமெல்லாம் சாயம் பிடிக்காமல் வெள்ளைத் திட்டாக நிற்கும், சூப்பர் குளூ என்றால் அந்தத் திட்டைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. தம்பி வார்னிஷ் அடித்த பாடியில் இப்போது என்ன பூசினாலும் பிடிக்காததற்கும் இதுதான் காரணம், மரத்தின் வாய் மூடிப் போயிற்று.

எனக்குப் பிடித்த முறை தேயிலையும் இரும்பும். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் இருக்கிறதல்லவா, துருப்பிடிக்கிற வகை, அதுதான் வேண்டும், எவர்சில்வர் சுருள் வேலைக்காகாது. அதில் எண்ணெய் பூசியிருப்பார்கள், பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் அலசிப் பிழிந்துவிட்டு ஒரு கண்ணாடி போத்தலில் போட்டு, அது முங்கும் அளவுக்கு வெள்ளை வினிகர், நம் மளிகைக் கடையில் சூக்கா என்று கேட்டால் கொடுப்பார்கள், அதை ஊற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும், வெளியே போக வழி வேண்டும், அது எரியக்கூடிய வாயு என்பதால் அடுப்புப் பக்கமும் வைக்க வேண்டாம். இரண்டு நாளில் தண்ணீர் மங்கலாகிவிடும். துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ரெண்டு மூன்று தேயிலைப் பொட்டலத்தைக் கால் கப் கொதிநீரில் போட்டு நன்றாகக் கடுப்பாகத் தே-ஓ எடுங்கள், பாலும் கூடாது சீனியும் கூடாது. குச்சிகளை அதில் 20 நிமிடம் ஊறப்போட்டு எடுத்துக் காயவிடுங்கள். தேயிலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, இரும்பு பட்டால் கறுப்பது அதுதான், இந்தக் குச்சி மரத்தில் அது குறைவு, அதைத்தான் நாம் கடன் கொடுக்கிறோம். காய்ந்த குச்சியின் மேல் அந்த இரும்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஓட்டுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, அரை நிமிடத்தில் மெல்ல மெல்லச் சாம்பல் ஏறும், அரை மணி நேரத்தில் பத்து வருடம் வெயிலில் கிடந்த பலகை உங்கள் கையில் இருக்கும். முதல் தடவை இதைப் பார்த்த அன்று என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் நாற்பது குச்சிகளையும் தானே பூசி முடித்துவிட்டுத்தான் தூங்கப் போனாள்.

இதில் இன்னொரு நல்லது, நிறத்தை நீங்களே ஆளலாம். எல்லாக் குச்சியையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். 40 குச்சி என்றால் பத்தைத் தே-ஓவில் மட்டும் விடுங்கள், அது வெளுத்த பழுப்பு. பதினைந்துக்கு இரும்புத் தண்ணீரில் மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து பூசுங்கள், இளஞ்சாம்பல் வரும். பத்துக்குக் கலக்காமல் பூசினால் கருஞ்சாம்பல். மிச்சத்துக்குத் தேயிலையில் இரண்டு முறை ஊறல் கொடுத்து அப்புறம் இரும்பு. எல்லாவற்றையும் காயவைத்து, சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைத்து, கைக்கு வந்த வரிசையில் ஒட்டுங்கள். வரிசை பார்த்து ஒட்டினால் நம் கை தானாகவே வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று அடுக்க ஆரம்பித்துவிடும், அது இன்னொரு வகைப் பொய்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் சீனர்கள் எழுத்துக்கலைக்கு வைத்திருக்கும் கறுப்பு மை, ஸ்டேஷனரி கடையில் மலிவு, அதில் சில சொட்டைத் தண்ணீரில் விட்டு ஒரு சொட்டுப் பாத்திரச் சவர்க்காரமும் சேர்த்துப் பூசுங்கள். உடனே சாம்பல். இரும்பு முறை அளவுக்கு ஆழம் வராது, ஆனால் அவசரத்துக்கு நன்றாகவே இருக்கும்.

கோப்பியில் ஊறப்போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நானும் செய்தேன், வேண்டாம். நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிறார்கள், கோப்பி-ஓ கோசோங் என்று சீனியில்லாமல் வாங்கினாலும் அந்தச் சீனி உள்ளே இருக்கிறது. அழகான கரும்பழுப்பு வந்தது என்று ஒரு பாடி முழுக்க அதில் செய்து அலமாரியில் வைத்தேன், மூன்று மாதத்தில் தரை முழுதும் வெள்ளைப் பூஞ்சை, எறும்பும் வரிசை கட்டியிருந்தது. அந்த வேலையைப் பிரித்துப் போட மனசு வரவே இல்லை, ஆனாலும் பிரித்தேன். மஞ்சள்தூளும் அப்படித்தான், பூசும்போது புதுப்பலகை மஞ்சள் அற்புதமாக வரும், ஜன்னலோரம் நாலு வாரம் இருந்தால் வெளிச்சத்தில் வெளிறிப் போகும்.

ஒட்டும்போது நேராகச் சட்டத்தின்மேல் ஒட்டாமல், முதலில் மெல்லிய அட்டை அல்லது பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தரை அளவுக்கு வெட்டி அதன்மேல் ஒட்டுங்கள். தகட்டுக்குக் கறுப்புச் சாயம் கொடுத்துவிட்டால் இடுக்கு வழியே வெள்ளை எட்டிப் பார்க்காது. அட்டையாக இருந்தால் வெள்ளைப் பசை போதும், ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அட்டை படகு மாதிரி வளையும், ஒட்டியதும் ரெண்டு தரை ஓட்டுக்கு நடுவில் வைத்து ஒரு ராத்திரி பாரம் ஏற்றிவிடுங்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பசை பிடிக்காது, அங்கே கான்டாக்ட் பசை. பலகையை வைக்குமுன் அதன் ரெண்டு நீளப் பக்கத்தையும் 4பி பென்சிலால் ஒரு தேய் தேயுங்கள். பக்கத்துப் பலகையோடு நெருக்கி ஒட்டினாலும் நடுவில் ஒரு மெல்லிய கருங்கோடு விழும். இடுக்கு விடுகிறேன் என்று அரை மி.மீ விட்டால் உண்மையில் அது 12 மி.மீ, அரிசி மூட்டைக்காரர் ஏற்க மாட்டார். பலகைகளை லோரியின் நீளவாக்கில் போடுங்கள், குறுக்குச் சட்டம் அடியில் வரும். நீளம் போதாமல் ரெண்டு துண்டாகப் போடுவதென்றால் இணைப்பு குறுக்குச் சட்டத்தின் மேல் வரவேண்டும், பக்கத்துப் பலகையின் இணைப்போடு ஒரே கோட்டில் வரக்கூடாது. பட்டறையில் ஒரு பலகை இந்த விதிக்குத் தப்பினால் அப்பா பிரித்துத் திரும்பப் போடச் சொல்வார்.

போல்ட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 0.5 மெக்கானிக்கல் பென்சில் ஒன்றை எடுத்து, உள்ளே கரிக்குச்சி இல்லாமல், அதன் மெல்லிய முனைக் குழாயைப் பலகையில் அழுத்தி லேசாகத் திருகுங்கள். ஒரு மி.மீக்குச் சற்றுக் குறைவான வட்டம் பதியும், லோரியில் 20 மி.மீ போல்ட் தலை. ஒவ்வொரு பலகைக்கும் குறுக்குச் சட்டம் வருகிற இடத்தில் ரெண்டு. இப்போது அந்த இரும்புத் தண்ணீரைத் திரும்ப எடுங்கள், ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். கருநீலக் கறை ஒன்று ரேகையோடு நீளவாக்கில் கொஞ்சம் ஊர்ந்து பரவி நிற்கும். டானின் உள்ள மரத்தில் இரும்பு போல்ட் ஈரத்தோடு சேர்ந்தால் அசல் லோரியிலும் நடப்பது இதேதான், மெர்பாவ் பலகையில் ஆணி அடித்து மழையில் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துரு என்றதும் ஆரஞ்சு நிறத்தை அள்ளிப் பூசிவிடுகிறோம், மரத்துக்குள் முதலில் வருவது கறுப்பு. ஆரஞ்சை இரும்புக் கம்பத்துக்கும் கீலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கப்பலகை வேறு கதை, அதற்குச் சாயம் அடித்திருப்பார்கள், பச்சை, நீலம், சிவப்பு என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. சாயம் உரிந்து அடியில் மரம் தெரிவதுதான் அழகு. இதற்கு மெழுகுவர்த்தி போதும். சாம்பல் ஏற்றிக் காய்ந்த பலகையில், கை படுகிற மேல் விளிம்பிலும் கீல் பக்கத்திலும் மூட்டை உரசும் உள்பக்கத்திலும் மெழுகை லேசாகத் தேய்த்துவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் சாயத்தை மெல்லியதாக ஒரு கோட் கொடுங்கள். காய்ந்ததும் பழைய பல்துலக்கியால் ரேகை போகிற திசையில் தேய்த்தால் மெழுகு பட்ட இடம் மட்டும் உரிந்து வரும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு, ஒரு கோட், அது காய்ந்ததும் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே ரெண்டு கோட், அதன்மேல் அக்ரிலிக், அரை மணி நேரத்தில் ஈரப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுப்பது. கிளியர் இல்லாமல் வெறும் மரத்தில் செய்தால் ஈரம் உள்ளே போய் நார் எழும்பும். உரித்து முடித்த பிறகு, லோரியின் பக்கத்தில் பி.டி.எம் (BDM), பி.டி.எம் (BTM) என்று நம் காதில் ஒரே மாதிரி ஒலிக்கிற அந்த ரெண்டு எடைக் கணக்கையும், பாரத்தோடு எவ்வளவு, பாரமில்லாமல் எவ்வளவு என்பதை, வெள்ளையில் எழுத மறக்காதீர்கள். நம் நாட்டு லோரி என்று சொல்வதே அந்த ரெண்டு வரிதான்.

கிட்டோடு வந்த பாடியே பிளாஸ்டிக்கில் பலகைக் கோடு போட்டு வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. 100 நம்பர் மணல்தாளை ஒரே திசையில், பலகையின் நீளவாக்கில், நாலு இழுப்பு இழுங்கள், அவ்வளவு ரேகை போதும். ரம்பப் பிளேடை இழுப்பதெல்லாம் 1/14 க்கு வைத்துக்கொள்ளலாம். அடிநிறம் வெளுத்த மணல் நிறம், தமியாவில் எக்ஸ்எஃப்-78 மரத்தள நிறம் என்றே ஒன்று விற்கிறது, அது வேண்டாம் என்றால் கைவேலை அக்ரிலிக்கில் வெள்ளை, காவி, ஒரு துளி கரும்பழுப்பு. அப்புறம் அதிலேயே வெள்ளை கூட்டி, பழுப்பு கூட்டி மூன்று நிறம் கலந்து, பலகை பலகையாக மாற்றி மாற்றிப் பூசி, மேலே நீர்த்த கரும்பழுப்பை இடுக்கில் ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் தகடு தேவைப்பட்டால் சாப்பாட்டு டப்பா மூடியின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், கிட்டின் பிளாஸ்டிக்கும் அதுதான், மாடல் பசை நன்றாகப் பிடிக்கும். 5 என்றால் விட்டுவிடுங்கள், பசையும் நிற்காது, சாயமும் நிற்காது.

அமெரிக்க லோரி செய்கிறவர்கள் உள்ளே டேஷ்போர்டு மரத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. அது வெளிப்பலகைக்கு நேர் எதிர், பளபளப்பாகத்தான் இருக்க வேண்டும், பல லோரிகளில் அது பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய மரப்பட அச்சுதான். மணல் நிறம் பூசிக் காய்ந்ததும் கரும்பழுப்பு எண்ணெய்ச் சாயத்தில் ஒரு துளியை, அட்டையில் ஒரு மணி நேரம் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டு, மெல்லியதாகத் தடவி, காய்ந்த முரட்டுப் பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. மரக்கணு மாதிரி சுழல் வேண்டுமானால் பஞ்சுத் துண்டால் ஒற்றுங்கள். மூன்று நான்கு நாள் காயட்டும், நம் ஊர் ஈரத்தில் ஒரு வாரம்கூட ஆகலாம். மேலே தமியா எக்ஸ்-26, ஒளி ஊடுருவும் ஆரஞ்சு, மெல்லியதாக ஒரு கோட், அதன்மேல் பளபளப்புக் கிளியர். ஒரு சின்னக் குப்பி உங்களுக்கு வருடக்கணக்கில் வரும்.

கடைசியாக மேலே அடிக்கும் மேட் கிளியர். பினாங்கோ கோலாலம்பூரோ, ஈரப்பதம் சாதாரண நாளிலேயே 80 விழுக்காட்டைச் சுற்றி நிற்கிறது, மழை பெய்து கொண்டிருக்கும்போது ஸ்பிரே அடித்தால் லாக்கர் காயும்போது காற்று ஈரத்தை இழுத்துப் பனி மூட்டம் போட்ட மாதிரி வெளுத்துவிடும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், மழை வருவதற்கு முன், மெல்லிய கோட்டாக அடியுங்கள், அதுவும் காற்றோட்டமான இடத்தில். பளபளப்பு வார்னிஷ் தரைப்பலகைக்கு வேண்டவே வேண்டாம். கிளியர் காய்ந்தபின் பள்ளிக்கூடச் சாக்பீஸ் பழுப்பிலும் வெள்ளையிலும் உரசி எடுத்த தூளை மூலைகளிலும் இடுக்கிலும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், சிமெண்ட் ஏற்றிய லோரி என்றால் வெள்ளைச் சாம்பல், செம்பனைத் தோட்டத்தில் ஓடுகிற லோரி என்றால் செம்மண்.

ஏற்கனவே செய்த அந்த ஐஸ்கிரீம் குச்சிப் பாடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், தம்பி. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் வெள்ளைப் பசை விட்டுக் குச்சி தனித்தனியாக வந்துவிடும், வார்னிஷை மணல்தாளில் தேய்த்து எடுங்கள். 1/24 இல் அது ஒன்பதரைக்கு ரெண்டு அங்குலப் பலகை என்று கணக்குப் போட்டோமே, மரக்கடையில் அறுத்து அடுக்கி வைத்திருக்கும் பலகை அந்த மாதிரி கனமானதுதான். புதிய கோப்பிக் குச்சிப் பாடி தயாரானதும் இவற்றைத் தே-ஓவில் மட்டும் ஒரு முக்கு முக்கி எடுத்து, முனைகளில் சிவப்புச் சாயம் தொட்டு, நடுநடுவே பல்குச்சி வைத்து அடுக்கி, கறுப்பு நூலால் ரெண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, லோரியில் பாரமாக ஏற்றிவிடுங்கள்.